தாளம் சொல்லும் கோலிக்குண்டும் பாட்டுக் கேட்கும் பச்சைப்பயறும்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் இரண்டு மேசைகளைத் தவறாமல் பார்க்கலாம். ஒன்றில் நூலில் கட்டிய குண்டு ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை நிற்கும். இன்னொன்றில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் செடி உயரமாகவும் தள்ளியிருக்கும் செடி கொஞ்சம் குட்டையாகவும் நிற்கும். “இசை கேட்ட செடி நன்றாக வளர்ந்தது” என்று அதை வளர்த்த பிள்ளைகள் முகம் மலரச் சொல்வார்கள்.

இந்த இரண்டு சோதனைகளையும் ஒரே குழு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் யோசனை. முதலில் இயக்கம், பிறகு செடி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஊசலுக்கு விடை முன்பே தெரியும் என்பதால், நாம் எவ்வளவு பிசகாக அளக்கிறோம் என்பதை அதில் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் செடியிடம் போனால், எது செடியின் வளர்ச்சி, எது நம் கைப்பிசகு என்று பிரிக்க வழியே இருக்காது.

முதலில் உங்கள் கையை அளந்து பாருங்கள்

ஒரு 30 செ.மீ. ஸ்கேலை நண்பர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் சுழி முனையில், தொடாமல், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும். விழுந்ததைக் கண்டதும் நீங்கள் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் 20 செ.மீ. என்றால், கண் பார்த்துக் கை அசைய உங்களுக்குச் சுமார் 0.20 நொடி ஆகியிருக்கிறது. 10 செ.மீ. என்றால் 0.14 நொடி, 25 செ.மீ. என்றால் 0.23 நொடி. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பதிலிருந்து வரும் எண்கள் இவை. தூரத்தை மீட்டரில் எழுதி, இரண்டால் பெருக்கி, 9.8 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்.

குழுவில் எல்லோரும் பத்து முறை செய்து எழுதுங்கள். ஒருவருக்கே ஒவ்வொரு தடவையும் எண் மாறும். அந்த மாற்றத்தை அழித்துத் திருத்தாமல் அப்படியே பதிவேட்டில் வையுங்கள். இனி நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தும்போதெல்லாம் இந்த 0.2 நொடி உங்கள் விரலோடு ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஊசல்: இருபது ஆட்டம் எதற்கு?

ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஆட்டினால், போய்த் திரும்ப ஏறத்தாழ 2 நொடி ஆகும். ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் அளந்து, அதில் 0.2 நொடி பிசகினால் அது பத்தில் ஒரு பங்குப் பிழை. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் பிழை இரட்டிப்பாகும், 9.8 வர வேண்டிய இடத்தில் 8 வரும், இல்லாவிட்டால் 12 வரும். இருபது ஆட்டங்களைச் சேர்த்து அளந்தால் மொத்தம் சுமார் 40 நொடி. அதே 0.2 நொடிப் பிசகு இப்போது இருநூறில் ஒரு பங்குதான். முடுக்கத்தில் வரும் பிழை நூற்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். பாடநூலில் “20 அலைவுகளுக்கான நேரம்” என்று ஒரு கட்டம் போட்டிருப்பது இதற்குத்தான். காரணம் தெரியாமல் அந்தக் கட்டத்தை நிரப்பும் பிள்ளைகள் ஏராளம். ஆசிரியர்கள் தயவுசெய்து ஓர் ஆட்டம், ஐந்து ஆட்டம், இருபது ஆட்டம் என மூன்று விதமாகவும் அளக்கவிட்டு, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

நீளத்திலும் ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். முடிச்சு வரை மட்டும் அளந்துவிட்டு, குண்டின் 2 செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால், ஒரு மீட்டர் ஊசலில் நூற்றுக்கு இரண்டு பங்கு போகும். 25 செ.மீ. ஊசலிலோ நூற்றுக்கு எட்டுப் பங்கு போய்விடும். சின்ன ஊசலில் விடை கெட்டுப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

எடை மாறினால் அலைவு நேரம் மாறுமா என்று சோதிக்கும்போதும் இதே நீளம்தான் ஏமாற்றும். பாதி மணல் நிரப்பிய பாட்டிலையும் முழுக்க நிரப்பிய பாட்டிலையும் ஒப்பிட்டால் எடை மட்டுமல்ல, எடையின் நடுப்புள்ளியும் இடம் மாறிவிடுகிறது. “எடை கூடினால் நேரம் மாறுகிறது” என்று தவறான முடிவு வரும். ஒரே மாதிரியான சிறிய பாட்டில்கள் இரண்டை எடுத்து, ஒன்றில் கழுத்து வரை மணல், மற்றொன்றில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி மூடுங்கள். எடை வேறு, நடுப்புள்ளி ஒன்று. ஒன்றை மாற்றும்போது கூடவே மாறுவது எது என்று தேடும் இந்தப் பழக்கம் செடிச் சோதனையில் பத்து மடங்கு தேவைப்படும்.

ஆட்டத்தின் அகலம் பொருட்டல்ல என்று நூல்கள் சொல்வது சிறிய கோணங்களுக்குத்தான். 60 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். ஆட்டம் விரைவில் சுருங்கிவிடும் என்பதால் இங்கே ஐந்து ஆட்டம் மட்டும் எண்ணுங்கள். பாடநூலின் வாக்கியம் எந்த எல்லைக்குள் உண்மை என்பதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அந்த நாள் மறக்காது.

கலிலியோவின் சரிவுப் பலகையும் ஆதி தாளமும்

இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைப்பது இந்தச் சோதனையைத்தான்.

1638இல் லைடன் நகரில் அச்சான தன் கடைசிப் பெரிய நூலில், பள்ளம் வெட்டிய சரிவுப் பலகையில் வெண்கலக் குண்டை உருட்டி, ஒழுகி விழுந்த தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணித்ததாகக் கலிலியோ எழுதினார். 1970களில் ஸ்டில்மன் டிரேக் என்ற அறிவியல் வரலாற்றாசிரியர் கலிலியோவின் பழைய கைக்குறிப்புகளை ஆராய்ந்து இன்னொரு யோசனையை முன்வைத்தார். கலிலியோவின் தந்தை வின்சென்சோ லூட் என்னும் நரம்புக் கருவி வாசித்தவர், இசைக் கோட்பாட்டாளர். மகனுக்கும் அந்தக் கருவி கைவந்தது. அதன் தண்டில் கட்டப்படும் மெட்டு நரம்புகளைப் போலவே பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டி, குண்டு அவற்றைத் தாண்டும் சத்தம் பாட்டின் தாளத்தோடு ஒத்துவரும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கலாம் என்றார் டிரேக். கடிகாரம் தேவையில்லை, தாளம் பிடிக்கத் தெரிந்த காது போதும்.

இதை வகுப்பறையில் செய்ய அதிகச் செலவில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் ஒயரிங் வேலைக்கு விற்கும் பி.வி.சி. கேசிங் பட்டை இரண்டு மீட்டர் வாங்குங்கள். மூடியைக் கழற்றிவிட்டால் குண்டு உருளப் பள்ளம் தயார். வளையாமல் இருக்க அடியில் ஒரு நேரான சட்டத்தை வைத்துக் கட்டுங்கள். ஒரு முனையைச் சுமார் 12 செ.மீ. உயர்த்துங்கள். பழுதில்லாத கோலிக்குண்டோ, சைக்கிள் கடையில் கிடைக்கும் பெரிய பேரிங் குண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தையல் நூலைப் பட்டையின் குறுக்கே நான்கு இடங்களில் கட்டுங்கள். நூல் பள்ளத்தின் அடியோடு படிந்திருக்க வேண்டும். குண்டு அதன்மேல் ஏறி இறங்கும்போது ‘டிக்’ என்று கேட்டால் போதும், வேகம் குறையக் கூடாது.

முதலில் நூல்களைச் சம இடைவெளியில், அதாவது 48, 96, 144, 192 செ.மீ. தூரத்தில் கட்டி உருட்டுங்கள். சத்தங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். குண்டு வேகம் பிடிக்கிறது என்பதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் காது சொல்லிவிடும். இப்போது மாணவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள்: சத்தங்கள் சீரான தாளத்தில் விழும்வரை நூல்களை நகர்த்த வேண்டும். எண்களைச் சொல்லிவிடாதீர்கள். வகுப்பில் மிருதங்கமோ தவிலோ பாட்டோ கற்கும் பிள்ளை யாராவது இருந்தால், அவரை ஆதி தாளம் போடச் சொல்லி, அவர் காதையே கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளையாக இருந்தாலும் அன்றைக்கு அவர்தான் குழுவின் தலைமை ஆராய்ச்சியாளர்.

பொறுமையாக நகர்த்தினால் நூல்கள் 12, 48, 108, 192 செ.மீ. என்ற இடங்களுக்கு அருகில் வந்து நிற்கும். 12ஐ ஓர் அலகாக வைத்துக்கொண்டால் இவை 1, 4, 9, 16. தொடக்கத்திலிருந்து முதல் நூலுக்கும், பிறகு நூலுக்கு நூலும் உள்ள தூரங்களோ 1, 3, 5, 7. சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் ஒற்றைப்படை எண்களாகக் கூடுகின்றன என்ற கலிலியோவின் விதி இதுதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் இடையே முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் ஆகும். பள்ளத்தின் அமைப்பைப் பொறுத்து அந்த நேரம் மாறும், விகிதம் மாறாது.

மூன்றாவது நூலை மட்டும் 5 செ.மீ. தள்ளி வைத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். தாளம் தட்டுவது கேட்கும். அந்த இடத்தில் குண்டின் வேகத்தை வைத்துப் பார்த்தால் 5 செ.மீ. என்பது சுமார் இருபதில் ஒரு பங்கு நொடி. ஸ்கேல் பிடிக்க 0.2 நொடி எடுத்துக்கொண்ட அதே மாணவரின் காது, அதில் நான்கில் ஒரு பங்கைப் பிடித்துவிடுகிறது. கருவியைத் தேர்ந்தெடுப்பதே பாதிச் சோதனை என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சரிபார்க்க விரும்பினால் ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவச செல்போன் செயலியில், இரண்டு சத்தங்களுக்கு இடையே உள்ள நேரத்தை அளக்கும் ஒலி நிறுத்துக்கடிகாரம் இருக்கிறது. காதுக்குப் பிறகு அதைப் பயன்படுத்துங்கள், முன்னால் வேண்டாம்.

இனி செடி

செடிக்கு இசை கேட்குமா என்ற கேள்வி பழையது. சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸை ஒரு செடியருகே பஸூன் என்ற ஊதுகருவியை வாசிக்கச் சொன்னார், செடி அசையவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு முகவரியே உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.என். சிங், 1950களிலும் 60களிலும் ஹைட்ரில்லா நீர்ச்செடியில் தொடங்கி, காசித்தும்பை முதலான செடிகளுக்கு இசை ஒலிக்கச் செய்து பார்த்தார். காசித்தும்பை 20 சதவீதம் கூடுதல் உயரம் வளர்ந்ததாக அறிவித்தார். சலங்கை கட்டாமல் ஆடிய பரதநாட்டியத்தின் அதிர்வுகூடச் செடிகளைச் சீக்கிரம் பூக்கவைத்தது என்றும் அவருடைய ஆய்வைப் பற்றி எழுதப்பட்டது. அமெரிக்காவின் டென்வரில் டோரத்தி ரெட்டலாக் என்ற இசை மாணவி செய்த சோதனைகள் 1973இல் நூலாக வந்தன. ராக் இசைக்குச் செடிகள் விலகிச் சாய்ந்தன என்றார் அவர். அதே ஆண்டு வெளிவந்த ‘தாவரங்களின் ரகசிய வாழ்வு’ என்ற ஆங்கில நூல் இந்தச் செய்திகளை உலகமெங்கும் கொண்டுபோனது. இன்று நம் கண்காட்சி மேசைகளில் நிற்கும் இரண்டு தொட்டிகள் அந்த அலையில் வந்தவைதான்.

இந்த முடிவுகள் இன்றுவரை தாவரவியலில் நிலைபெறவில்லை. இசைக்கும் வளர்ச்சிக்கும் நடுவே நுழையக்கூடிய மற்றக் காரணங்களை அந்தச் சோதனைகள் முழுதாக அடைக்கவில்லை என்பதே முக்கியமான குறை. ஆகவே மாணவருக்கு இது திறந்திருக்கும் கேள்வி. நல்ல செய்திதானே! ஆனால் திறந்த கேள்வியிடம் ஊசலிடம் போனதைவிடக் கவனமாகப் போக வேண்டும்.

மற்றக் காரணங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, நிழல். ஸ்பீக்கர் ஒரு பக்கம் வெளிச்சத்தை மறைத்தால், ஒளி தேடி அந்தச் செடியின் தண்டு நீளும். இருட்டு அறையில் முளைத்த பயறு வெளிறி, மெலிந்து, வெயிலில் முளைத்ததைவிட உயரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இசைக் குழுவின் ‘கூடுதல் உயரம்’ உண்மையில் நிழலின் வேலையாக இருக்கலாம். உயரத்தையே ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்வது இந்தச் சோதனையில் மிகவும் பரவலான பிழை.

இரண்டு, தொடுதல். செடியைத் தொட்டாலும் ஆட்டினாலும் அதன் வளர்ச்சி மாறுகிறது; பல செடிகள் குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கின்றன. அமெரிக்கத் தாவரவியலாளர் மார்க் ஜாஃபி 1973இல் இதைப் பெயரிட்டு விவரித்தார். தினமும் இசை அறைக்குத் தூக்கிப்போகும் செடிக்கும் ஜன்னலோரமே கிடக்கும் செடிக்கும் இந்த ஒன்றே வேறுபாட்டைத் தரப் போதும்.

மூன்று, நாம்தான். இசை கேட்கும் செடியின்மேல் பிள்ளைகளுக்குப் பாசம் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு வாய்த் தண்ணீர் கூடுதலாகப் போகும். அளக்கும்போது ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் தாராளமாக நிற்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனாலும் அது நடக்கும்.

இரண்டு வாரத் திட்டம்

ஒரே பாக்கெட்டிலிருந்து நூறு பச்சைப்பயறு விதைகளை இரவு முழுக்க ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டுங்கள். முளை விட்டவற்றில் ஏறக்குறைய ஒரே அளவு உள்ள நாற்பதை எடுங்கள். அடியில் துளையிட்ட நாற்பது பேப்பர் கப்களில், ஒரே குவியலிலிருந்து எடுத்த மண்ணை நிரப்பி, கப்புக்கு ஒரு விதையாக ஊன்றுங்கள். ஒவ்வொரு கப்பின் அடியிலும் 1 முதல் 40 வரை எண்ணிடுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு இருபது எண்களை இசைக் குழுவுக்கும், இருபதை அமைதிக் குழுவுக்கும் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஒரு தட்டில் வையுங்கள். எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியல் ஓர் உறையில் இட்டு ஒட்டப்பட்டு ஆசிரியரிடம் இருக்கட்டும். தட்டுகளைத் தூக்கிப்போகும் ஒரு மாணவருக்கு மட்டும் அது தெரிந்தால் போதும். தண்ணீர் ஊற்றுபவருக்கும் அளப்பவருக்கும் தெரியக் கூடாது. தண்ணீரை ஊசி கழற்றிய 10 மி.லி. சிரிஞ்சால் கப்புக்கு ஒரே அளவாக ஊற்றுங்கள்.

நாள் முழுக்க இரண்டு தட்டுகளும் ஒரே ஜன்னலோரத்தில் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். இசைக்கென்று வேறொரு அறை. அங்கே ஒரு மேசை, அதில் சாக்பீஸால் போட்ட ஒரு கட்டம், எதிரே ஸ்பீக்கர். இசைத் தட்டைக் கொண்டுபோய் அந்தக் கட்டத்தில் வைத்து ஒரு மணி நேரம் பாட்டு. பிறகு அமைதித் தட்டை அதே அறைக்குக் கொண்டுபோய், அதே கட்டத்தில், அதே ஒரு மணி நேரம், ஸ்பீக்கரைப் போடாமல் வையுங்கள். எந்தத் தட்டு முதலில் போகிறது என்பது நாள்விட்டு நாள் மாற வேண்டும். இப்போது நிழல், சூடு, தூக்கும் ஆட்டம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. மிச்சமிருக்கும் வேறுபாடு ஒலி மட்டும். இந்த ஏற்பாட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர அறை வேண்டும் என்பதால் தலைமையாசிரியரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இசை? நாதஸ்வரமோ, வயலினோ, சினிமாப் பாட்டோ, ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே வையுங்கள். நேரில் பாட வேண்டாம். பாடுபவரின் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது, அது தனி விஷயமாக நுழைந்துவிடும். செல்போன் டெசிபல் செயலி துல்லியமானதல்ல. ஆனால் தினமும் ஒரே சத்தமா என்று பார்க்க உதவும்.

விதை ஊன்றும் முன்பே பதிவேட்டில் ஒரு வரி எழுதித் தேதி போடுங்கள்: “14ஆம் நாள், மண்மட்டத்திலிருந்து தண்டு நுனி வரை உள்ள உயரத்தையும், வேரோடு எடுத்துக் கழுவிக் காயவைத்த எடையையும் ஒப்பிடுவோம்.” இதை முன்கூட்டி எழுதாவிட்டால், கடைசியில் உயரம், இலை எண்ணிக்கை, இலை அகலம், பச்சை நிறம் என்று எது சாதகமோ அதைத் தேடிப் பிடிக்கும் ஆசை வந்துவிடும். உயரத்தை அளக்கும்போது ஸ்கேலைச் செடிக்குப் பின்னால் நிறுத்திப் படியுங்கள். செடியை நிமிர்த்தக் கூடாது. பயற்றுச் செடி காய்ந்தால் எடை மிகவும் குறைவு என்பதால் ஒவ்வொரு குழுவின் செடிகளையும் மொத்தமாகச் சேர்த்துப் பள்ளியின் ஆய்வகத் தராசில் நிறுங்கள். ஏதாவது செடி அழுகிப்போனால் அந்த எண்ணையும் தேதியையும் குறித்துவிடுங்கள். புது விதை போட்டு ஈடுகட்டாதீர்கள்.

நாற்பது சீட்டுக் கணக்கு

உறையைப் பிரித்ததும் சராசரிகளில் ஏதாவது ஒரு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். இருபது செடிகளின் சராசரியும் வேறு இருபது செடிகளின் சராசரியும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றாக வருவது அபூர்வம். கேள்வி, அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதுதானா என்பது. இதற்குக் கல்லூரிப் புள்ளியியல் தேவையில்லை.

நாற்பது செடிகளின் உயரங்களையும் நாற்பது சீட்டுகளில் எழுதுங்கள். நன்றாகக் கலைத்து, பார்க்காமல் இருபது இருபதாகப் பிரியுங்கள். இரண்டு குவியல்களின் சராசரி, அவற்றின் வேறுபாடு. எழுதிக்கொள்ளுங்கள். மறுபடி கலையுங்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டால் ஒரே பாடவேளையில் நூறு முறை முடித்துவிடலாம். இந்தக் குவியல்களுக்கும் இசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இவற்றில் வரும் வேறுபாடு முழுக்கத் தற்செயல். எது பெரியது என்று பார்க்காமல் அளவை மட்டும் பார்த்து, உங்கள் உண்மையான வேறுபாட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். முப்பது முறை வந்தது என்றால், இசை இல்லாமல் வெறும் குலுக்கலே அதைச் செய்துவிடுகிறது. ஐந்து முறைக்கும் குறைவு என்றால், சோதனையை முதலிலிருந்து இன்னொரு முறை செய்து பார்க்கத் தகுந்த காரணம் கிடைத்திருக்கிறது. அதற்குமேல் சொல்ல ஒரு சோதனை போதாது.

வேறுபாடு இல்லை என்று வந்தால் பிள்ளைகள் வாடிப்போவார்கள். பொறுப்பாசிரியர்கள் இங்கேதான் உறுதியாக நிற்க வேண்டும். குலுக்கல், உறை, முன்கூட்டி எழுதிய வரி, நாற்பது சீட்டு எல்லாம் வைத்து “எங்களால் எந்த வேறுபாட்டையும் காண முடியவில்லை” என்று சொல்லும் குழு, இரண்டு தொட்டி வைத்து வெற்றி அறிவிக்கும் குழுவைவிடப் பல படி மேலே நிற்கிறது. 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வு அனுப்புகிறவர்களும் அதே பதிவேட்டைத் துணிந்து மேசையில் வைக்கலாம்.

கத்தரிப்பூவும் இசைக்கவையும்

செடிகள் அதிர்வை உணர்வதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் ஹைடி ஏப்பலும் ரெக்ஸ் காக்ராஃப்டும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பளிப்புழு இலையைக் கடிக்கும் அதிர்வைப் பதிவுசெய்து அரபிடாப்சிஸ் செடியின் இலையில் செலுத்தினார்கள். பின்னர் புழு உண்மையில் கடித்தபோது அந்தச் செடிகள் தற்காப்புக் காரப்பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழு 2019இல், தேனீயின் ரீங்காரம் கேட்ட மூன்று நிமிடத்துக்குள் ஓர் அந்திமலர்ச் செடியின் தேனில் சர்க்கரைச் செறிவு கூடியதைக் காட்டியது. பூவைக் கண்ணாடிக் குடுவையால் மூடியபோது அது நிகழவில்லை. செடியின் வாழ்வில் அர்த்தமுள்ள அதிர்வுகள் இவை: தின்ன வரும் புழு, மகரந்தம் சுமக்கும் தேனீ. ராகத்தைவிட இந்தப் பக்கம் தேடுவதில்தான் மாணவர்களுக்குப் பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

அதற்கு நம் தோட்டத்திலேயே வழி இருக்கிறது. கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பிநிற்கும் மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கைத் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கிறது. சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இத்தகைய பூக்களை அதிரவைக்கும் தேனீக்களின் அதிர்வெண் பெரும்பாலும் நொடிக்கு 200 முதல் 400 வரை. பள்ளி ஆய்வகத்தின் இசைக்கவைகளில் 256, 320, 384 ஆகியவை அந்த எல்லைக்குள்ளேயே வருகின்றன.

காலையில் புதிதாக விரிந்த கத்தரிப்பூவைச் செடியிலேயே விட்டுவிட்டு, அதற்குக் கீழே செல்லோ டேப்பின் பசைப் பக்கம் மேலாக இருக்கும்படி ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லை நீட்டிப் பிடியுங்கள். தட்டாத இசைக்கவையால் மகரந்தப்பையை மெல்லத் தொட்டு ஐந்து நொடி வையுங்கள். பிறகு புதிய சில்லு. இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, அதே இடத்தில் அதே ஐந்து நொடி. மஞ்சள் தூள் புகைபோல் உதிர்வதை வெறும் கண்ணிலேயே பார்க்கலாம். இரண்டு சில்லுகளையும் நுண்ணோக்கியில் வைத்து, ஒரே பெரிதாக்கத்தில், ஐந்து இடங்களில் மகரந்தத் துகள்களை எண்ணிச் சராசரி எடுங்கள். தட்டிய கவை, தட்டாத கவை என்ற வரிசையைப் பூவுக்குப் பூ மாற்றுங்கள். முதலில் தொட்டதே பாதி மகரந்தத்தைக் கொட்டிவிட்டால் இரண்டாவதுக்கு மிச்சம் இருக்காது.

எந்த அதிர்வெண்ணுக்கு அதிகம் கொட்டுகிறது என்று கேட்பது அடுத்த படி. இங்கே ஊசல் கற்றுத்தந்த கேள்வியை மறுபடி கேளுங்கள்: அதிர்வெண் மாறும்போது கூடவே மாறுவது எது? 256 கவையின் கைகள் 512 கவையைவிட அகலமாக ஆடும். அதிகம் கொட்டியது அதிர்வெண்ணாலா, ஆட்டத்தின் அகலத்தாலா என்று பிரிக்க, ஒரே கவையை மெல்லத் தட்டியும் ஓங்கித் தட்டியும் தனியாக ஒரு வரிசை எடுக்க வேண்டும்.

கத்தரி விதை போட்டுப் பூ பார்க்க இரண்டரை மாதம் வரை ஆகும். நர்சரியில் நாற்று வாங்கி நட்டால் ஒரு மாதம் மிச்சம். ஒரு குழுவுக்கு ஐந்தாறு செடிகள் இருந்தால் தினமும் சில புதுப்பூக்கள் கிடைக்கும். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். சோதிக்கும் மொட்டுகளை முந்தின மாலையே கொசுவலைத் துணிப் பையால் மூடிக் கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் நீங்கள் வருவதற்குள் கருவண்டு வந்துபோயிருக்கும்.